ஸ்டெப்னி மாற்றத் தெரியாத கார் பிரியர்கள்

போன ஞாயிறு எங்கள் சொசைட்டியில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள். புனேயில் நாலு தமிழ்க் குடும்பம் ஒரு ஹாலில் சேர்ந்தால் ஆண்கள் பக்கம் பேச்சு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் பத்து நிமிடம் ஊரில் மழை உண்டா இல்லையா. அடுத்த பத்து நிமிடம் ஆபீஸ் அரசியல். அப்புறம் கார். சாப்பிடக் கூப்பிடும்வரை கார்தான்.

யார் வண்டியில் எத்தனை ஏர்பேக், யாருக்குச் சன்ரூஃப், யார் வண்டி தானே பிரேக் போடும், திரை எத்தனை அங்குலம் என்று போய்க்கொண்டிருந்தது. "சின்ன வயசுல இருந்தே நான் ஒரு கார் பைத்தியம்ங்க" என்றார் ஒருவர். வயது 38. ஹிஞ்சவடியில் பொட்டி தட்டுகிறார். படித்தது மெக்கானிகல்.

"டயர்ல காத்து எவ்வளவு வைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பங்க்ல இருக்கிற பையன் பாத்துப்பான்."

"ஜாக்கி எங்க இருக்கு?"

"டிக்கில எங்கயாவது இருக்கும்." எல்லோரும் சிரித்தார்கள்.

அங்கே இருந்த ஏழு பேரில் ஐந்து பேர் இஞ்சினியர்கள், அதில் மூன்று மெக்கானிகல். சொந்தக் கையால் ஒரு டயர் மாற்றியவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் ஏழு பேருமே கார் பைத்தியம்!

இதை நக்கல் அடிக்கும் யோக்கியதை உனக்கு இருக்கிறதா என்றால், 2019 தை மாதம்வரை எனக்கும் கிடையாது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் பொங்கலுக்குக் காரிலேயே சேலம் போவது என்று கிளம்பினோம். நான், தங்கமணி, பெண், பையன். சத்தாரா, கோலாப்பூர், பெல்காம், ஹுப்ளி, தாவண்கெரே எல்லாம் தாண்டி சித்ரதுர்கா நெருங்கும்போது ராத்திரி எட்டரை. முன்பக்க இடது டயர் பஞ்சர். ஓரம் கட்டினேன். ஜாக்கியைத் தேடி எடுக்கவே கால் மணி. வண்டியைத் தூக்கிவிட்டு ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினால் நட்டு சுற்றவில்லை, சக்கரம் சுற்றுகிறது! வண்டி நியூட்ரலில் இருந்தது. ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும் என்று நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். மறுபடி இறக்கிவிட்டு முயன்றேன். நட்டு அசையவே இல்லை. உள்ளங்கை கொப்பளித்ததுதான் மிச்சம். பக்கத்தில் லாரிகள் நூறு கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகின்றன. பெண் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அப்போது ஒரு லாரி வேகம் குறைத்து முன்னால் நின்றது. டி.என். 28. நாமக்கல் வண்டி. நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் உயிர் வந்தது.

"என்னங்க சார், பஞ்சருங்களா? அக்கா, குழந்தைங்கள ரோட்ட விட்டுத் தள்ளி நிக்க வைங்க" என்றபடி இறங்கிய டிரைவர், "தம்பி, அந்த பைப்ப எடுத்துட்டு வா" என்றார். வந்த பையனுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். முதலில் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தான். வண்டியைக் கியரில் போடச் சொன்னான். ஸ்பேனரின் கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி அழுத்தினான். 'டக்'. நாலு நட்டும் அரை நிமிடத்தில் இளகின. அதற்குப் பிறகுதான் ஜாக்கியைத் தொட்டான். ஸ்டெப்னியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல காத்தே இல்லீங்களே அண்ணா" என்றான். லாரியின் ஏர் டேங்கில் இருந்து ஓஸ் இழுத்துக் காற்றடித்தார்கள். மொத்தம் பதினைந்து நிமிடம்.

"சார் என்ன வேலைங்க?" என்றார் டிரைவர். "கம்ப்யூட்டர்ல" என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். தங்கமணி பெருமையாக, "படிச்சது மெக்கானிகல் இஞ்சினியரிங்" என்று சொல்லிவிட்டாள். டிரைவர் சிரிக்கவில்லை. "பரவால்லீங்க சார், அது வேற படிப்பு" என்றார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் பையன் பின்சீட்டில் இருந்து கேட்டான்: "அப்பா, நான் படிக்கலேன்னா இந்த அண்ணா மாதிரிதான் ஆயிடுவேன்னு சொன்னீங்களா?" கேலியாகக் கேட்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை, ஆச்சரியமாகக் கேட்டான். நானும் தங்கமணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கணக்கில் மார்க் குறைந்ததற்கு ஒரு மாதம் முன்னால்தான், "இப்படியே போனா மெக்கானிக் ஷெட்ல ஸ்பேனர்தான் புடிக்கணும்" என்று திட்டியிருந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

அந்தப் பையன் செய்தது மந்திரம் இல்லை, எட்டாம் வகுப்பு நெம்புகோல். சின்னக் காரின் சக்கர நட்டை இறுக்க வேண்டிய அளவு சுமார் 100 நியூட்டன் மீட்டர். வண்டியோடு தரும் ஸ்பேனர் கால் மீட்டர்தான் இருக்கும். அதன் நுனியில் 40 கிலோ அழுத்தினால் அந்த 100 வரும். ஆனால் டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிய நட்டு பல சமயம் அதைப்போல இரண்டு மடங்கு பிடித்திருக்கும். முக்கால் மீட்டர் குழாயைச் செருகினால் அதே 40 கிலோவுக்கு 300 கிடைக்கும். இதை நான் தாளில் போட்டுக் காட்டுவேன். ரோட்டில் செய்யத் தெரியவில்லை. கணக்கு தலையில் இருந்தது, கைக்கு இறங்கவே இல்லை. இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டோம் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

நம் வீடுகளில் "ஷெட்டுக்குப் போ" என்பது சாபம். எந்த வேலை யார் கையில் படலாம் என்று நம் ஊர் பிறப்பை வைத்தே பிரித்திருந்தது. அந்தப் பிரிவினையை ரயிலேறி வரும்போது சூட்கேஸில் மடித்து வைத்துக்கொண்டு வந்துவிட்டோம். ஊர் மாறினோம், மொழி கற்றுக்கொண்டோம், வடா பாவ் பழகிவிட்டது. கையில் கிரீஸ் பட்டால் கௌரவம் போய்விடும் என்ற எண்ணம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதையே பிள்ளைகளுக்கும் கொடுக்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் ஊரில் ஒரு டாக்டர் இருந்தார். அவரிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். சென்னையில் செய்த வண்டி. பானெட்டை மட்டும் திறக்கும் வழக்கம் அதில் கிடையாது. மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்த்து முன்பக்கம் முழுக்க முதலை வாய் மாதிரி முன்னால் சாயும். ஞாயிறு காலையில் டாக்டர் பனியனோடு அதற்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பார். பத்து மணிக்கு மண்ணெண்ணெயில் கை கழுவி, சோப்புப் போட்டு, நோயாளி பார்க்க உட்காருவார். அவர் கையில் லேசாக மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும். ஊரே, "டாக்டருக்கு எல்லாம் தெரியும்" என்று மெச்சியது. அதே தெருக்கோடி ஷெட்டில், அதே மண்ணெண்ணெயில் கை கழுவிய பன்னிரண்டு வயதுப் பையனை யாரும் மெச்சவில்லை. "டேய்" என்றுதான் கூப்பிட்டார்கள்.

பொழுதுபோக்குக்குச் செய்தால் ரசனை, பிழைப்புக்குச் செய்தால் கேவலம். இந்த இரட்டைக் கணக்கை முதலில் தீர்க்காமல், "நானும் இனிமே என் காரை நானே பாத்துப்பேன்" என்று கிளம்பினாலும் அது இன்னொரு பந்தாவாகத்தான் முடியும்.

ஏனென்றால் இந்தக் கைவேலை எந்தப் படிப்புக்கும், எந்த உத்தியோகத்துக்கும், எந்த வயதுக்கும் எழுதி வைத்த சொத்து இல்லை. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரி வைத்திருந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, அதை வாங்குவதற்காகவே ஓட்டலில் சர்வராக வேலை செய்து காசு சேர்த்தார். வாங்கியதும் செய்த முதல் காரியம், அதைப் பிரித்து மறுபடி மாட்டியது. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். அதே கோவையில், வசதியான மில் குடும்பத்தில் பிறந்தவர் எஸ். கரிவரதன். அவர் மாருதி 800-ன் எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். நம் நாட்டில் எத்தனையோ பேர் அதில் ஓட்டித்தான் பந்தயம் பழகினார்கள். 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். 2003-ல் திறந்த செட்டிபாளையம் பந்தயத் தடம் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஒருவர் சர்வர், ஒருவர் மில் முதலாளி வீட்டுப் பிள்ளை. ஒட்டிய கிரீஸ் ஒன்றுதான்.

இங்கே புனேயில் எனக்குத் தெரிந்த மூன்று பேரைச் சொல்கிறேன். ஒருவர் கட்கியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், வங்கியில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர், 64 வயது. அவரிடம் ஒரு பிரீமியர் பத்மினி, 1089 சிசி. மும்பையில் கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றது. இவருடையது இன்னும் ஓடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்ட் இடைவெளியை அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, மெல்லிய தகடு விட்டுச் சரி பார்ப்பார். அடுத்தவர் ஒரு மராத்திப் பெண், பல் டாக்டர், 35 வயது. பழைய ஜிப்ஸிக்கு அடியில் கிரீஸ் கன்னோடு படுத்திருப்பார். மூன்றாமவன் 27 வயதுப் பையன், ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறான். அவனைப் பற்றிக் கீழே சொல்கிறேன். இந்த மூவரும் தங்களைக் கார் பைத்தியம் என்று சொல்லிக்கொண்டு நான் கேட்டதில்லை.

இப்போது நம்மவர்கள் சொல்லும் சாக்குகள்.

"இப்ப வர்ற கார் எல்லாம் எலக்ட்ரானிக்ஸ், ஒண்ணும் தொட முடியாது." அப்படியா? நம் நாட்டில் 2013 ஏப்ரலில் இருந்து வந்த பிஎஸ் 4 கார்களில் ஓபிடி 2 இருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட். சில நூறு ரூபாய்க் கருவியைச் செருகினால் செல்போனில் கோளாறு எண் தெரியும். அந்த 27 வயதுப் பையனின் வண்டி ஒரு நாள் குலுங்கியது. பி 0301 என்று காட்டியது. முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். காரணம் பிளக்காக இருக்கலாம், காயிலாக இருக்கலாம், இன்ஜெக்டராகவும் இருக்கலாம். அவன் முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டினான், இரண்டாவதை முதலில் மாட்டினான். ஓட்டிப் பார்த்தால் எண் பி 0302 ஆகிவிட்டது. கோளாறு காயிலோடு கூடவே போயிருக்கிறது, ஆகவே காயில்தான் போச்சு. புதுக் காயில் ஒன்று வாங்கினான், வேலை முடிந்தது. கட்கிக்காரர் காதால் கேட்டுக் கண்டுபிடிப்பதை இந்தக் காலத்து வண்டி எண்ணாகவே சொல்கிறது. நாள் முழுக்க புரோகிராமில் பிழை தேடும் நமக்கு இது வராதா? வரும். மனசுதான் இல்லை.

"வாரண்டி போயிடும்." எஞ்சினைப் பிரிக்கச் சொல்லவில்லை. காற்றழுத்தம் பார்த்தால், வைப்பர் ரப்பர் மாற்றினால், டயர் மாற்றினால் வாரண்டி போகாது. டயர் மாற்றும் முறையைக் கம்பெனிக்காரனே வண்டியோடு தரும் புத்தகத்தில் படம் போட்டு வைத்திருக்கிறான். அந்தப் புத்தகத்தை உறை பிரித்துப் படித்தவர் கை தூக்குங்கள் :-)

"அவங்க பொழப்பை நாம கெடுக்கலாமா?" அடேயப்பா, என்ன கருணை! பஞ்சர் ஒட்டுபவரிடம் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். ஏசி போட்ட சர்வீஸ் சென்டரில் 'எஞ்சின் ட்ரீட்மென்ட்' என்று நாலாயிரம் பில் போட்டால் கார்டைத் தேய்த்துவிட்டு வருகிறோம். ஒரு இடத்தில் என் வண்டிக்கு பிரேக் பேட் தேய்ந்துவிட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்றார்கள். குனிந்து பார்த்தேன். புது பேட் பத்து மில்லிமீட்டர் இருக்கும். இரண்டு மூன்றுக்கு வந்தால் மாற்ற வேண்டும். என்னுடையது ஆறு இருந்தது. "இன்னும் இருக்கே" என்றேன். பேச்சே மாறிவிட்டது. தெரிந்தவன் மெக்கானிக்கின் பிழைப்பைக் கெடுப்பதில்லை. நல்ல மெக்கானிக்கின் அருமை அவனுக்குத்தான் தெரியும், அவனுக்குத்தான் கூலியைக் குறைக்கக் கூச்சமாக இருக்கும்.

"லேடீஸுக்கு இதெல்லாம் வருமா?" உலகத்தின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் எது தெரியுமா? 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு ஜெர்மனியில் மான்ஹைமில் இருந்து ஃபோர்ட்ஸைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். எங்கே? அம்மா வீட்டுக்கு! நம்மைப் போலவே குடும்பத்தோடு ஊருக்குத்தான். வழியில் எரிபொருள் குழாய் அடைத்ததைத் தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தார். பிரேக் தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்து வாங்கினார். மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். காரின் கதை தொடங்குவதே இப்படி ஒரு அம்மாவின் கையில்தான்.

கடைசியாக ஒரு நியாயமான கேள்வி. "பல் வலிச்சா நானே புடுங்கிக்கறதில்லையே, அவனவன் வேலையை அவனவன் செய்யட்டும்?" பாதி ஒத்துக்கொள்கிறேன். பிரேக் ஆயில் லைன், ஏர்பேக் வயர், மின்சாரக் காரில் ஆரஞ்சு நிறக் கேபிள், இவற்றில் கை வைக்காதீர்கள். ஜாக்கி தூக்க மட்டும்தான். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போனவர்கள் செத்திருக்கிறார்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்களும் உண்டு. அரைகுறை ஆர்வம் ஆபத்து. ஆனால் பல் டாக்டர் இருக்கிறார் என்பதற்காகப் பல் தேய்க்காமல் இருக்கிறோமா? நான் கேட்பது பல் தேய்க்கும் அளவுதான்.

டயர் மாற்ற. காற்று பார்க்க, ஸ்டெப்னிக்கும் சேர்த்து. எஞ்சின் ஆயிலும் கூலன்டும் அளவு பார்க்க. பேட்டரி முனையில் பூத்த வெள்ளைப் பொடியைச் சுத்தம் செய்ய. ஃபியூஸ் மாற்ற. ஏர் ஃபில்டரைக் கழற்றி மாட்ட. ஆறே வேலை, இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். ஸ்டெப்னியே இல்லாத கார்களும் வருகின்றன. டயர் அழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் போதும் என்று 2020-ல் விதியைத் திருத்தினார்கள். அந்தக் கிட்டை எப்படிப் பயன்படுத்துவது, டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் அது ஏன் உதவாது என்று இப்போதே பார்த்து வையுங்கள். ராத்திரி எட்டரைக்குச் சித்ரதுர்கா பக்கத்தில் படித்துக்கொள்ள முடியாது.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் சொசைட்டியில் ரோபோட்டிக்ஸ் வகுப்புக்கு மாதம் ஆயிரக்கணக்கில் கட்டுகிறார்கள். பிளாஸ்டிக் சக்கரம் மாட்டச் சொல்லித் தருகிறார்கள். தப்பில்லை. ஆனால் ஆயிரம் கிலோ எடையில் நிஜமான இயந்திரம் கீழே பார்க்கிங்கில் தூங்குகிறது. அதைத் தொட்டால் "கை அழுக்காகும், வா மேல" என்கிறோம். நாளைக்கு உங்கள் பிள்ளை ஐடிஐயில் இரண்டு வருட மோட்டார் மெக்கானிக் படிப்பு படிக்கிறேன் என்று சொன்னால் வீட்டில் எழவு விழுந்த மாதிரி ஆகுமா ஆகாதா? உங்களுக்குள்ளேயே பதில் சொல்லிக்கொள்ளுங்கள். என் பதில் எனக்கே பிடிக்கவில்லை.

வருடா வருடம் ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுகிறோம். அது கருவிகளுக்கான பூஜை. டிக்கியில் கிடக்கும் ஜாக்கிக்கும் ஸ்பேனருக்கும் ஒரு தடவையாவது பொட்டு வைத்திருக்கிறோமா? இந்த வருடம் அவற்றை வெளியே எடுங்கள். பொட்டு வைத்துவிட்டு, பிள்ளைகளையும் கூப்பிட்டு, ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டுங்கள். பக்கத்துத் தெரு மெக்கானிக்கை "வாங்க, போங்க" என்று பேசுங்கள். பிள்ளைகள் காதில் அது விழட்டும்.

பி.கு.: சேலத்தில் இருந்து திரும்பிய வாரமே டிக்கியில் முக்கால் மீட்டர் குழாய் வாங்கிப் போட்டாயிற்று. பார்க்கிங்கில் ஒத்திகை பார்த்தோம். முதல் நட்டை இளக்கியது நான் இல்லை, தங்கமணி. "இவ்ளோதானா? இதுக்கா அன்னிக்கு அந்த முழி முழிச்சீங்க?" என்று கேட்டாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.